தண்ணீர் கேள்வி-பதில்: மீட்டருக்குத் தெரியாத சரக்கு

கொதிக்க வைத்தால் பி.எஃப்.ஏ.எஸ். போய்விடுமா? (வீரவநல்லூர்)

போகாது. இது எளிதில் சிதையாத ஃப்ளோரின் ரசாயனக் குடும்பம். கொதிக்க வைத்தால் கிருமிதான் சாகும். தண்ணீர் வற்ற வற்ற ரசாயனத்தின் அடர்த்தி கூடத்தான் செய்யும்.

எங்களுக்கு வருவது ஆற்று உறைகிணற்றுத் தண்ணீர். மணலில் வடிந்து வருவதால் பயமில்லைதானே? (சேரன்மகாதேவி)

மணல் கலங்கலைப் பிடிக்கும். படுகையில் உள்ள நுண்ணுயிர்கள் கழிவில் பெரும்பகுதியைத் தின்னும். மண்ணில் ஒட்டாமல், எதற்கும் சிதையாமல் கரைந்தே ஓடுகிற சரக்கு இரண்டையும் தாண்டி வந்துவிடும். ஐரோப்பாவில் ரைன் கரையில் இப்படித்தான் வடித்துக் குடிக்கிறார்கள். அங்கும் இதே தலைவலி. இந்த வகைக்கென்றே ஐரோப்பிய ஒன்றியம் 2023-ல் தனி அபாயப் பிரிவு வகுத்தது. நான் எப்போதும் சொல்வதுதான்: விட்ட பிறகு எடுப்பது பெரும்பாடு, ஆற்றில் விடாதீர்கள்.

ஆர்.ஓ. தண்ணீரில் டிடிஎஸ் 60 என்று விற்றவர் காட்டினார். இனி எந்த ரசாயனமும் இருக்காது அல்லவா? (பாளையங்கோட்டை)

இந்தக் கேள்வி மாதம் தவறாமல் வருகிறது. டிடிஎஸ் மீட்டர் பார்ப்பது மின்சாரம் எவ்வளவு பாய்கிறது என்பதை, அதாவது உப்பை. அதன் கணக்கு மில்லிகிராமில். பி.எஃப்.ஏ.எஸ். குடும்பத்தைச் சேர்ந்த பி.எஃப்.ஓ.ஏ., பி.எஃப்.ஓ.எஸ். இரண்டுக்கும் குடிநீரில் அமெரிக்கா 2024-ல் வைத்த வரம்பு லிட்டருக்கு 4 நானோகிராம். நானோகிராம் என்பது மில்லிகிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. மீட்டர் என்ன செய்யும், பாவம்!

அடுத்து, விற்க வருகிறவர்கள் காட்டும் அந்தக் கம்பி வித்தை. தண்ணீரில் கம்பிகளை விட்டு கரண்ட் கொடுப்பார்கள். குழாய்த் தண்ணீர் செம்மண் குழம்பாகும், ஆர்.ஓ. தண்ணீர் தெளிவாகவே நிற்கும். வீட்டில் எல்லாரும் மிரண்டு முன்பணம் கொடுத்துவிடுவார்கள். அந்த நிறம் தண்ணீரின் அழுக்கு இல்லை, இரும்புக் கம்பி கரைந்த துரு. உப்பில்லாத தண்ணீரில் கரண்ட் சரியாகப் பாயாது, கம்பியும் கரையாது. அடுத்த முறை வந்தால், ஆர்.ஓ. தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். அதுவும் சிவக்கும்.

ஆர்.ஓ. வீண் என்று சொல்லவில்லை. நல்ல சவ்வு பி.எஃப்.ஏ.எஸ்.ஸில் பெரும்பகுதியைத் தடுக்கும். ஆனால் அதன் கழிவுநீரை மழைநீர்க் குழியில் விடாதீர்கள். தடுத்ததெல்லாம் உங்கள் போருக்கே திரும்பும்.

கார்பன் ஃபில்டர், யூவி போதுமா? (பேட்டை)

யூவி கிருமிக்கு. கார்பன் ஃபில்டர் பி.எஃப்.ஏ.எஸ்.ஸில் நீளச் சங்கிலி (அணுத் தொடர் நீண்ட) வகைகளைப் பிடிக்கும், குட்டைச் சங்கிலி சீக்கிரமே நழுவும். கார்ட்ரிட்ஜை மாற்றாமல் வருடக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் இந்தப் பதிலைப் படித்தும் பயனில்லை.

மக்காச்சோளத்துக்கு அட்ரசின் களைக்கொல்லி அடிக்கிறேன். கிணற்றில் இறங்குமா? (மானூர்)

கிணறு எத்தனை அடி, கரிசலா செவலா, ஒன்றும் எழுதவில்லை. என்னத்தைச் சொல்ல? பொதுவாக, இறங்கக்கூடிய மருந்துதான். டிடிடி வெகுகாலம் கிடக்கும், ஆனால் மண்ணோடு ஒட்டிக்கொள்ளும்; கிளைபோசேட் களைக்கொல்லியும் களிமண்ணைப் பிடித்துக்கொள்ளும். அட்ரசின் அவ்வளவாக ஒட்டாது. ஐரோப்பா அதை நிறுத்தி இருபது வருடம் ஆகிறது. நிலத்தடி நீரில் அதன் சிதைவுப் பொருள்கள் இன்னும் தட்டுப்படுகின்றன. கிணற்றடியில் மருந்து கலக்காதீர்கள், டப்பாவை வாய்க்காலில் கழுவாதீர்கள்.

காலாவதி மாத்திரைகளைக் கழிப்பறையில் போடலாமா? (மேலப்பாளையம்)

கூடாது. வலிப்புக்குத் தரும் கார்பமசெபின் சுத்திகரிப்பு நிலையத்தையே பெரும்பாலும் அப்படியே தாண்டிவிடும். மறுபடி அதேதான்: ஆற்றில் விடாதீர்கள்.

கூல்டிரிங்ஸ் பாட்டிலில் தண்ணீர் அனுப்பிய அம்பாசமுத்திரம் வாசகருக்கு: கொட்டிவிட்டேன். பி.எஃப்.ஏ.எஸ். சோதனைக்குப் பாலிப்ரொப்பிலீன் பாட்டில் வேண்டும், மூடியில் டெஃப்லான் கூடாது. எந்தக் கிணறு, எந்தத் தேதி என்றாவது பாட்டில் மேல் எழுதியிருக்கலாம்.