பழைய உத்தரம், கதவு, பேலட்: மேசை செய்ய எந்த மரம்?

இடித்த வீட்டு உத்தரம், பழைய கதவுகள், சரக்கு அடுக்கும் பேலட்டின் பலகை மூன்றும் கிடைக்கின்றன, சாப்பாட்டு மேசையும் புத்தக அலமாரியும் செய்ய எதை எடுப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். மேசையின் மேல்பலகைக்குக் கதவு, கால்களுக்கு உத்தரம், அலமாரியின் முதுகுக்கு பேலட். அவசரமென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

தச்சுவேலை எனக்குத் தொழில் அல்ல, விடுமுறை நாள் பைத்தியம். முதலில் ஏமாந்தது உத்தரத்தில்தான். இத்தனை வருடம் காய்ந்த மரம் இனி எங்கே அசையப்போகிறது என்று நம்பி, வந்த வாரமே பலகையாக அறுத்து பெஞ்சு செய்தேன். இரண்டு மாதத்தில் ஒரு கால் தரையில் படவில்லை. மரம் எவ்வளவு பழசானாலும் காற்றின் ஈரத்தை வாங்கும், விடும். கனமான கட்டையை அறுக்கும்போது உள்ளே அடங்கியிருந்த இறுக்கமும் அவிழ்ந்து பலகை வளையும். இப்போதெல்லாம் தேவைக்கு மேல் ஐந்தாறு மில்லிமீட்டர் கனம் விட்டு அறுத்து, இடையிடையே குச்சி வைத்து, அந்தச் சாமான் இருக்கப்போகிற அறையிலேயே சில வாரம் அடுக்கி வைக்கிறேன். இழைப்பதெல்லாம் அப்புறம்தான்.

கதவு அறைக் காற்றுக்குப் பழகிய மரம் என்பதால் இந்தத் தொல்லை குறைவு. அதில் பயப்பட வேண்டியது பெயின்டுக்கு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். பல நாடுகளில் அதற்கும் வெகு காலம் கழித்து. அதனால் உப்புத்தாளை எடுத்து வறட்டு வறட்டென்று தேய்க்காதீர்கள். பெயின்ட் நீக்கும் திரவம் தடவி, ஈரமாகவே சுரண்டி எடுங்கள். குழந்தைகளை அந்தப் பக்கம் விடவே வேண்டாம்.

கதவு தேக்காக இருந்தால் அதிர்ஷ்டம்தான், ஆனால் அதன் எண்ணெய்ப் பசை ஒட்டும் பசையைப் பிடிக்க விடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் உளியும் இழைப்புளியும் சீக்கிரம் மழுங்கும்.

எந்த மரமானாலும் நடுவில் கெட்டியாக இருக்கும் வைரப் பகுதி எவ்வளவு, வெளிப்பக்க வெள்ளை எவ்வளவு என்று பாருங்கள். வண்டு துளைப்பது பெரும்பாலும் வெள்ளையைத்தான். துளை இருப்பதாலேயே ஒதுக்க வேண்டாம், அது பல வருடத்துக்கு முன் முடிந்துபோன கதையாகவும் இருக்கலாம். நன்றாகத் தட்டித் துடைத்து, கீழே கறுப்புத் தாள் விரித்து, சில வாரம் தொடாமல் வைத்துப் பாருங்கள். மாவு போல வெளிறிய தூள் புதிதாக விழுந்தால் உள்ளே ஆள் இருக்கிறது. அதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

உத்தரம் பைன் வகையாக இருந்தால் வெட்டுமுனையில் வளையங்களை எண்ணுங்கள். நெருக்கமாக இருந்தால் மெதுவாக வளர்ந்த, அடர்த்தியான மரம். இதே கணக்கை ஓக் மரத்துக்குப் போடாதீர்கள், அங்கே நிலைமை தலைகீழ்: மெதுவாக வளர்ந்ததுதான் லேசாக இருக்கும்.

பேலட்டில் முத்திரையைப் பாருங்கள். 'ஹெச்டி' (HT) என்றால் மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடாக்கியது. 'எம்பி' (MB) என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு பிடித்தது, தொடாதீர்கள். முத்திரை சரியாக இருந்தாலும் அதன் மேல் என்னென்ன கொட்டியிருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால்தான் சாப்பாட்டு மேசைக்கு வேண்டாம் என்கிறேன். இடையில் யாராவது தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டை தருகிறேன் என்றால் கும்பிடு போட்டு அனுப்பிவிடுங்கள். அதில் ஊறியிருக்கும் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் வீட்டுக்குள் வைக்கிற பொருள் அல்ல.

ஆணியை மறக்காதீர்கள். வலுவான காந்தத்தை ஒவ்வொரு பக்கமும் ஓட்டிப் பார்த்த பிறகே இயந்திரத்தில் விடுங்கள். தலை ஒடிந்து உள்ளே தங்கிய ஒரே ஆணிக்கு ஒரு ஜோடி பிளேடை நான் பலி கொடுத்திருக்கிறேன். ஆணியைச் சுற்றிய கறுப்புக் கறை ஆக்சாலிக் அமிலக் கரைசலில் பெரும்பாலும் போய்விடும்; கையுறை அவசியம்.

கணக்குப் போட்டதைவிட மூன்றில் ஒரு பங்கு மரம் கூடுதலாக எடுங்கள். கீல் குழி, பூட்டுக் குழி, வெடித்த முனை என்று கழியும். எனக்கு ஒருமுறை அப்படியும் பற்றாமல் போய், எழுது மேசையின் நடுவிலேயே ஒரு சாவித் துவாரம் நின்றுவிட்டது. சார்ஜர் வயர் இப்போது அதன் வழியாகத்தான் போகிறது.