யானைக்கவுனியில் யானை எங்கே?

அன்புள்ள சார்,

நான் ராயபுரம். யானைக்கவுனியில் யானை இல்லை, தங்கசாலையில் நாணயம் அடிப்பதில்லை, பர்மா பஜாரில் பர்மா சாமான் கிடையாது. வெளியூர்க்காரர்களைக் குழப்பும் இந்தப் பெயர்களையெல்லாம் மாற்றினால் என்ன?

செல்வி

அன்புள்ள செல்வி,

வேண்டாம், விட்டுவிடுங்கள். தங்கசாலை என்கிற மின்ட்டில் பஸ்ஸை விட்டு இறங்குகிற யாரும் நாணயம் தேடி அலைவதில்லை. பர்மா பஜார் என்பது சாமானின் பெயரில்லை, அங்கே கடை போட்ட மனிதர்களின் பெயர்; 1960களில் பர்மாவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்த தமிழர்கள். வால்டாக்ஸ் ரோடு இன்னும் வேடிக்கை. நகர மதில் (வால்) கட்டிய செலவுக்குக் கிழக்கிந்தியக் கும்பினி போட நினைத்த வரி (டாக்ஸ்) அது. வசூலானதே இல்லை என்பார்கள்! இதிலெல்லாம் யாருக்கும் நஷ்டமில்லை.

நான் சண்டை போடுவதென்றால் காசு வாங்கிக்கொண்டு ஏமாற்றும் பெயர்களோடுதான் போடுவேன். வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேனை மினரல் வாட்டர் என்கிறோம். அது பெரும்பாலும் ஆர்.ஓ.வில் வடிகட்டிய தண்ணீர்; இருந்த தாது உப்பும் அதிலேயே பெருமளவு போய்விடுகிறது. தர எண்ணே வேறு: கேனில் ஐ.எஸ். 14543 என்றிருக்கும், இயற்கை மினரல் வாட்டருக்கு 13428.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். வயிற்றுப்போக்கில் இழந்த தண்ணீரையும் உப்பையும் ஈடுகட்டக் கொடுக்கும் கரைசல்தான் ஓ.ஆர்.எஸ். அந்தப் பெயரைப் போட்டு டெட்ரா பாக்கெட்டில் விற்ற இனிப்பு பானங்களை என்ன சொல்வது? வயிற்றுப்போக்கில் துவண்ட குழந்தைக்கு அவசரத்தில் மெடிக்கலுக்கு ஓடுகிறவர் பொடி எழுத்தில் இருப்பதையா படித்துக்கொண்டிருப்பார்? உண்மையான ஓ.ஆர்.எஸ்.ஸில், உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, ஒரு லிட்டருக்குக் குளுக்கோஸ் 13.5 கிராம், சாதா உப்பு 2.6 கிராம், கூடவே பொட்டாசியம் குளோரைடு, சிட்ரேட். குளுக்கோஸும் உப்பும் அந்த அளவில் சேர்ந்தால்தான் குடல் தண்ணீரை உள்ளே இழுக்கும். சர்க்கரை எக்கச்சக்கமாக ஏறினால் உடம்பிலிருக்கும் தண்ணீரும் குடலுக்குள் வந்து, போக்கு இன்னும் அதிகமாகும். ஹைதராபாத்தில் சிவரஞ்சனி சந்தோஷ் என்ற குழந்தை மருத்துவர் இதற்காக வருடக்கணக்கில் போராடினார். 2025 அக்டோபரில்தான், இந்தக் கணக்கில் இல்லாத பானத்தின் மேல் அந்த மூன்று எழுத்து வரக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவு போட்டது. முன்பு அனுமதி கொடுத்திருந்ததும் அதே ஆணையம்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அதனால் கடையில் ஓ.ஆர்.எஸ். பவுடர் என்று கேட்டு, உலக சுகாதார நிறுவன ஃபார்முலாதானா என்று பார்த்து வாங்குங்கள். சின்ன பாக்கெட் 200 மில்லி தண்ணீருக்கு, பெரியது ஒரு லிட்டருக்கு. கண்ணளவாகக் கலக்க வேண்டாம். நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள், குழந்தைகளுக்குத் துத்தநாக மாத்திரையும் சேர்த்து.