ஆப்ல மைனஸ் 9 காட்டுது, வீட்டப் பூட்டிட்டுப் போகலாமா?

இங்கிலாந்துல இருக்குற ஒரு வாசகரோட கேள்வி இது. அடுத்த வாரக் கடைசியில கிளம்பி பத்து நாள் குடும்பத்தோட வெளியூர் போறாங்க, வீடு பூட்டித்தான் கெடக்கும். போன்ல இருக்குற வெதர் ஆப் சரியா அந்த நாள்கள்ல ஒரு ராத்திரிக்கு மைனஸ் 9னு காட்டுது, பக்கத்துல பனிப் படம் வேற. அவர் இருக்குற வானிலை வாட்ஸ்அப் குரூப்ல "63 திரும்பி வருது"ன்னு, அதாவது 1963ல வந்த கடும் குளிர்காலம் திரும்ப வருதுன்னு, சார்ட் மேல சார்ட்டா வந்துட்டே இருக்காம். "பயணத்த கேன்சல் பண்ணணுமா, பைப் வெடிச்சிடுமா, இதுல எத நம்புறது?"ன்னு கேட்டிருக்காரு.

கேன்சல் பண்ண வேண்டாம், ஆனா போறதுக்கு முன்னாடி வீட்டுல கொஞ்சம் வேலை இருக்கு, அத கீழ சொல்றேன். மொதல்ல அந்த மைனஸ் 9ங்கற நம்பர வச்சு எந்த முடிவும் எடுக்காதீங்க. ஒரு ராத்திரி எவ்ளோ கீழ இறங்குச்சுங்கறது பெரிய விஷயமே இல்ல. பகல்லயும் ஜீரோவத் தாண்டாம எத்தன நாள் அப்படியே நிக்குது, காத்து எந்தப் பக்கம் இருந்து அடிக்குது, இந்த ரெண்டுதான் பைப்புக்கும் உடம்புக்கும் கணக்கு.

இங்கிலாந்துல இதுவரைக்கும் பதிவான மிகக் கொறஞ்ச டெம்பரேச்சர் மைனஸ் 26.1, ஷ்ராப்ஷயர்ல எட்ஜ்மண்ட்ங்கற எடத்துல, 1982 ஜனவரி 10ம் தேதி. தரை முழுக்க பனி, மேகமே இல்லாத வானம், காத்து சுத்தமா நின்னுபோச்சு, அப்போ தரையில இருக்குற சூடு ராத்திரி பூரா மேல போய்ட்டே இருக்கும், கனமான குளிர்காத்து தாழ்வான எடமா பாத்து வந்து தேங்கும், அப்படி விழுந்த நம்பர் அது. அதே நாள் ஸ்காட்லாந்துல பிரேமார்ங்கற எடத்துல மைனஸ் 27.2. ஆனா கடும் குளிர்காலம்னு பேச்செடுத்தா 82ஐ யாரும் மொதல்ல சொல்ல மாட்டாங்க, 63ன்னுதான் சொல்லுவாங்க, ஏன்னா 63 போகவே இல்ல.

1962 டிசம்பர் 26ம் தேதி பனி கொட்ட ஆரம்பிச்சது, 29, 30ல தென்மேற்குப் பக்கம் பெரிய பனிப்புயல், காத்து குவிச்ச பனி சில எடத்துல 6 மீட்டர் உயரம் வரைக்கும் நின்னுச்சு. ஜனவரி மாச சராசரியே மத்திய இங்கிலாந்துல மைனஸ் 2.1. கவனிங்க, இது ராத்திரி குளிர் இல்ல, பகல் ராத்திரி எல்லாம் சேத்து மாசம் முழுக்க எடுத்த சராசரி. டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரை மூணு மாசத்துக்கும் சேத்தா மைனஸ் 0.3, 1740க்கு அப்புறம் அவ்ளோ குளிரான குளிர்காலம் வந்ததே இல்ல. இந்தக் கணக்கு 1659ல இருந்து இருக்கு, உலகத்துலயே கருவி வச்சு அளந்த ரொம்ப நீளமான டெம்பரேச்சர் தொடர் இதுதான், இந்தத் துறையில இருக்குற எவனுக்கும் இது ஒரு பொக்கிஷம். தென்கிழக்குக் கரையில இருக்குற ஹெர்ன் பேங்கற ஊர்ல கடலே கரையில இருந்து உள்ள ரொம்ப தூரம் உறைஞ்சு கெடந்தது. மார்ச் 6ம் தேதிதான் அந்த வருஷத்துல மொத முறையா நாட்டுல எங்கயுமே உறைபனி இல்லாத காலை விடிஞ்சது. அவ்ளோ நாள் குளிர் விடாம நின்னதால அது மண்ணுக்குள்ள எறங்கி, தரைக்கு அடியில போற மெயின் தண்ணிக் குழாயே பல எடத்துல உறைஞ்சுபோச்சு. ஒரு ராத்திரிக் குளிரால அது ஆகாது.

ஏன் அப்படி நின்னுச்சுன்னா, பிரிட்டனுக்கு சாதாரணமா அட்லாண்டிக்ல இருந்து மேற்குக் காத்து வரும், கடல் சூட்ட சுமந்துட்டு வர்றதாலதான் இவ்ளோ வடக்க இருந்தும் குளிர்காலம் மிதமா போகுது. ஐஸ்லாந்து, ஸ்காண்டிநேவியா பக்கம் ஒரு உயர் அழுத்தம் வந்து உக்காந்துடுச்சுன்னா அந்த மேற்குக் காத்துக்கு வழி அடைபடும், ஜெட் ஸ்ட்ரீம், அதாவது ரொம்ப உயரத்துல வேகமா ஓடுற மேற்குக் காத்து, தெக்க நழுவிடும், ரஷ்யாப் பக்கம் இருந்து காஞ்ச குளிர்காத்து உள்ள வரும். இத பிளாக்கிங்னு சொல்றோம். ஒரு தடவ பனி படிஞ்சிட்டா அது வெயில திருப்பி அனுப்பும், ராத்திரி சூட்ட பிடிச்சு வைக்காது, அப்போ குளிர் தன்னாலயே தன்ன வளத்துக்கும். 63ல இந்த பிளாக் ஒடைஞ்சு ஒடைஞ்சு திரும்ப திரும்பக் கட்டிக்கிட்டே இருந்துச்சு.

1947ம் வருஷத்தையும் சொல்லியே ஆகணும், ஏன்னா உங்க குரூப்ல யாரும் அத சொல்லல போல. ஜனவரி நடுவுல 14 டிகிரி வரைக்கும் போன நாள் இருந்துச்சு, குளிர்காலம் முடிஞ்சே போச்சுன்னு நெனைக்கிற மாதிரி. அதுக்கு ஒரு வாரத்துல நெலம தலைகீழ், ஜனவரி 22ல இருந்து மார்ச் 17 வரைக்கும் நாட்டுல எங்கயாவது ஒரு எடத்துல தினமும் பனி விழுந்துச்சு. நிலக்கரி நகர முடியாம மின்சாரத்த நிறுத்தி நிறுத்தி விட்டாங்க. அதவிட முக்கியம் கடைசியில வந்த வெள்ளம்: மார்ச்ல திடீர்னு சூடு ஏறி மழையும் சேந்து வந்தப்போ, தரை இன்னும் உறைஞ்சே இருந்ததால தண்ணி உள்ள எறங்க வழியில்லாம ஆறெல்லாம் கரை மீறுச்சு. குளிர் வந்தப்ப ஆன சேதம் ஒண்ணு, குளிர் போனப்ப ஆன சேதம் ஒண்ணு. உங்க வீட்டு பைப்பும் இதே மாதிரிதான், கொஞ்சம் பொறுங்க, அங்க வர்றேன்.

இப்போ உங்க ஆப். பத்து நாள் தள்ளி ஒரு ராத்திரிக்கு ஒத்த நம்பர் காட்டுற ஆப் பெரும்பாலும் வானிலைய கணிக்கிற கம்ப்யூட்டர் மாடல் ஒரு தடவ ஓடுன கணக்க (அதுதான் ஒரு ரன்) மட்டும் எடுத்து உங்க ஊருக்குப் பக்கத்துல இருக்குற புள்ளியோட மதிப்ப அப்படியே போடும், அதுக்குப் பின்னாடி மனுஷன் யாரும் உக்காந்து பாக்குறது இல்ல. நாளைக்கு அடுத்த ரன் வரும், மைனஸ் 9 பிளஸ் 3 ஆயிடும். அதனாலதான் ஆன்சாம்பிள்னு ஒண்ணு இருக்கு, ஆரம்ப நிலவரத்த லேசா லேசா மாத்தி அதே மாடல பல தடவ ஓட்டுறது. ஐரோப்பிய மாடல்ல இப்படி 50 ரன், அமெரிக்க ஜிஎஃப்எஸ்ல 30. இலவசமாவே கிடைக்குது, கோடு கோடா இருக்குற அந்த கிராஃப்ல ஒரே ஒரு கோடு மட்டும் பாதாளத்துக்குப் போய் மத்ததெல்லாம் மேல இருந்துச்சுன்னா அதோட கதைய விட்ருங்க. முக்கால்வாசி கோடு ஒண்ணா கீழ எறங்குது, எறங்கி அஞ்சாறு நாள் கீழயே கெடக்குது, நாளைக்குப் பாத்தாலும் நாளன்னைக்குப் பாத்தாலும் அப்படியே இருக்குன்னா, அப்போ நான் பைப்புக்கு உறை வாங்கக் கிளம்பிடுவேன். கிழக்குக் காத்து விஷயத்துல மட்டும் ரொம்ப உஷாரா இருக்கணும், 2012 டிசம்பர்ல மாடல் எல்லாம் கிழக்குக் காத்து வருதுன்னு காட்டி, நாள் நெருங்குறப்போ அட்லாண்டிக் உள்ள வந்து எல்லாத்தையும் கலைச்சு விட்டுச்சு, வானிலை ஆர்வலர்களுக்கு இன்னும் ஆறாத புண் அது. என் கணக்கு எளிமையானது, அஞ்சு நாளுக்குள்ள வந்தாத்தான் கிழக்குக் காத்த நம்புவேன்.

பனி விழுமாங்கறதுக்கு டெம்பரேச்சர மட்டும் பாக்காதீங்க, டியூ பாயிண்ட், அதாவது காத்துல இருக்குற ஈரம் தண்ணியா மாற ஆரம்பிக்கிற டெம்பரேச்சர், ஜீரோவுக்குக் கீழ இருக்கான்னு பாருங்க. 2 டிகிரி வெப்பத்துல டியூ பாயிண்ட் மைனஸ் 2னா பனி தாராளமா விழும், 1 டிகிரியில டியூ பாயிண்ட்டும் 1னா நனைஞ்ச சேறுதான்.

உங்க குரூப்ல "ஸ்ட்ராடோஸ்பியர் சூடாயிருச்சு, ரெண்டு வாரத்துல மிருகம் வருது"ன்னும் போட்டிருக்காங்களாமே, கிழக்குல இருந்து வர்ற பெருங்குளிரத்தான் மிருகம்னு சொல்றாங்க. தரைக்கு மேல பல பத்து கிலோமீட்டர் உயரத்துல துருவத்தச் சுத்துற காத்து சில வருஷம் திடீர்னு ஒடைஞ்சு சூடாகும், அதோட தாக்கம் கீழ எறங்குனா பிளாக்கிங் வர வாய்ப்பு கூடும், அது உண்மைதான். 2018 பிப்ரவரி நடுவுல அப்படி ஆச்சு, ரெண்டு வாரத்துல கிழக்குல இருந்து வந்த அந்தப் பெருங்குளிர் நாட்டையே முடக்குச்சு. ஆனா 2019 ஜனவரி ஆரம்பத்துலயும் அதே ஆச்சு, அந்த பிப்ரவரி 26ல லண்டன் கியூல 21.2 டிகிரி, குளிர்கால மாசத்துல பிரிட்டன் அதுவரைக்கும் பாக்காத வெயில். அதனால ஸ்ட்ராடோஸ்பியர் சேதிய கேட்டா கவனமா இருக்க ஆரம்பிங்க, அதுக்கு மேல அத வச்சு தேதி குறிக்காதீங்க.

சரி, வீடு. வீட்ட சூடாக்குற புது பாய்லர் பலதுலயும் வெளிச் சுவர் வழியா ஒரு ஒல்லியான பிளாஸ்டிக் பைப் வெளிய வந்து சாக்கடையில விழும், பாய்லர்ல சேர்ற கழிவுத் தண்ணி சொட்டு சொட்டா அதுலதான் போகுது. மெதுவா சொட்டுறதாலயும் பைப் ஒல்லியா இருக்குறதாலயும் மொதல்ல உறையுறது இதுதான், உறைஞ்சா தண்ணி திரும்பி பாய்லர்ல ஏறும், களகளன்னு சத்தம் வரும், பாய்லர் தானா நின்னுடும். 2010 டிசம்பர், நூறு வருஷத்துக்கு மேல பாக்காத குளிரான டிசம்பர் அது, அப்போ ஏகப்பட்ட வீட்டுல சரியா சூடு தேவைப்படுற நாள்ல பாய்லர் நின்னதுக்கு இதுதான் காரணம். நீங்க வீட்டுல இருந்தா வெதுவெதுப்பான தண்ணிய அந்தப் பைப் மேல ஊத்தி சரி பண்ணிடலாம் (கொதிக்கிற தண்ணி கூடாது, பிளாஸ்டிக் விரிசல் விட்டுடும்). நீங்க இல்லாதப்போ நின்னா வீடு பூரா குளிரும், அப்புறம்தான் தண்ணி பைப்புக்கு ஆபத்து. அதனால கிளம்புறதுக்கு முன்னாடி அந்தப் பைப்போட வெளிப்பக்கம் முழுக்க வெயில் மழை தாங்குற உறையா பாத்து மாட்டுங்க, அது முக்கியம், மத்ததெல்லாம் அதுக்கு அப்புறம்.

ஹீட்டிங்க அணைக்காதீங்க, 12 டிகிரியிலயோ 15 டிகிரியிலயோ வச்சு நாள் முழுக்க ஓட விடுங்க. மச்சுக்கு ஏறுற மூடிய தொறந்து வைங்க, கீழ இருக்குற சூடு கொஞ்சமாவது மேல ஏறும், பல வீட்டுல தண்ணித் தொட்டி அங்கதான இருக்கு. தோட்டத்துக் குழாய்க்கு உள்பக்கம் ஒரு வால்வு இருக்கும், அத அடைச்சு, வெளிய குழாய தொறந்து மிச்சத் தண்ணிய வடிச்சிடுங்க. முக்கியமா ஸ்டாப்காக், அதாவது வீட்டுக்குள்ள வர்ற தண்ணிய மொத்தமா நிறுத்துற வால்வு, பெரும்பாலும் கிச்சன் சிங்க் கீழ இருக்கும், சில வருஷம் தொடாம விட்டா இறுகிப்போயிருக்கும், இன்னிக்கே ஒரு தடவ திருப்பிப் பாருங்க, ஊருக்குப் போறப்போ அத மூடிட்டே போகலாம்.

பைப் உறையுறப்போ விரிசல் விழும், ஆனா பனிக்கட்டியே அடைச்சுட்டு நிக்குறதால தண்ணி ஒழுகாது. அது உருகுற அன்னிக்குத்தான் கொட்டும். 2018 மார்ச் ஆரம்பத்துல குளிர் விட்டதும் லண்டன் உள்பட பல எடத்துல ஆயிரக்கணக்கான வீட்டுக்குத் தண்ணி இல்லாமப் போனது, மெயினும் வீட்டு பைப்பும் ஒரே நேரத்துல ஒழுகுனதால. அதனால பக்கத்து வீட்டுக்காரங்ககிட்ட சாவிய குடுத்தா, "குளிரான அன்னிக்கு வந்து பாருங்க"ன்னு மட்டும் சொல்லாதீங்க, வெளிய ஜீரோவத் தாண்டுன மொத நாள் மத்தியானம் உள்ள வந்து மச்சுக்குக் கீழ நின்னு ஈரம் தெரியுதா, சத்தம் கேக்குதான்னு பாக்கச் சொல்லுங்க. ஸ்டாப்காக் எங்க இருக்கு, எந்தப் பக்கம் திருப்புனா மூடும்னு நேர்ல காட்டிட்டுப் போங்க.