குன்றின் மேல் ஆலிவ் தோப்பு: இலை உதிர்வு, காய்ப்புழு, புளித்த எண்ணெய்

கேள்வி: இத்தாலியில் சியேனாவுக்கு அருகே, குன்றின் உச்சியில் ஒரு பழைய பண்ணை வீட்டை 60 ஆலிவ் மரங்களோடு வாடகைக்கு எடுத்திருக்கிறோம். மூன்று வருடமாகக் கவாத்து இல்லை. இலையில் வளையம் வளையமாகப் புள்ளி விழுந்து உதிர்கிறது. போன அக்டோபரில் பாதிக் காயில் புழு. பறித்ததைச் சாக்கில் கட்டி நான்கு நாள் வைத்திருந்து ஆலைக்குக் கொண்டுபோனோம். 100 கிலோவுக்கு 11 கிலோ எண்ணெய்தான், அதிலும் புளித்த வாடை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்துக்கு முன்னால் ரம்பத்தை எடுங்கள். வெட்டாத மரத்தின் உள்பக்கம் மழைக்குப் பிறகு நெடுநேரம் ஈரமாகவே கிடக்கும். அந்த ஈரத்தில்தான் நீங்கள் சொல்லும் வளையப் புள்ளிப் பூஞ்சை முளைக்கிறது. இத்தாலியர் இதை ‘மயில் கண்’ என்கிறார்கள். ஃபிரான்டோயோ ரகத்தில் அதிகம் வரும், லெச்சினோ ஓரளவு தாங்கும்.

கடும்பனிக் காலம் கழிந்து மார்ச் மாதத்தில், மழையில்லாத நாளாகப் பார்த்துக் கவாத்து செய்யுங்கள். அதற்கு முன் தூரைப் பாருங்கள். ஒரே தூரில் மூன்று நான்கு தண்டுகள் இருந்தால் அது கோளாறில்லை. 1985 ஜனவரி உறைபனியில், சியேனா இருக்கும் டஸ்கனி மாநிலத்தின் ஆலிவ் மரங்கள் பெரும்பாலும் கருகி, அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்தவை. ஒற்றைத் தண்டாக்குகிறேன் என்று அறுத்துவிடாதீர்கள். நடுவைத் திறந்துவிட்டு மூன்று நான்கு முதன்மைக் கிளைகளை நிறுத்துங்கள். ஒவ்வொன்றும் மேலே குறுகி, கீழே விரிந்து, நுனியில் ஒரு கொழுந்தோடு இருக்க வேண்டும். நுனியை மொட்டையாக்கினால் மரம் கோபத்தில், நேராக மேலே ஓடும் போத்துக் கிளைகளாகத் தள்ளும். ஆலிவ் போன வருடக் குச்சியில்தான் காய்க்கும் என்பதால், ஒரே வருடத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கழிக்காதீர்கள். மிச்சத்தை அடுத்த இரண்டு வருடங்களில் முடிக்கலாம். குச்சிகளில் முண்டு முண்டாகக் கழலை தெரிந்தால் அது பாக்டீரியா நோய். வெட்டுக்காயம் வழியாகப் பரவும். அந்த மரங்களைக் கடைசியில் வெட்டி, கத்தியைச் சாராயத்தில் துடையுங்கள்.

வெட்டி முடித்த கையோடு தாமிரம் கலந்த பூஞ்சை மருந்தை ஒருமுறை, செப்டம்பர் கடைசியில் மழை தொடங்குமுன் ஒருமுறை தெளித்தால் போதும். தெளித்தபின் நோய்ப்பட்ட இலைகள் கொட்டும், பயப்பட வேண்டாம். ஐரோப்பிய விதிப்படி ஹெக்டேருக்கு ஏழு ஆண்டுகளில் 28 கிலோ உலோகத் தாமிரம்தான் உச்சவரம்பு. தெளிப்புக்கும் பறிப்புக்கும் இடையே எத்தனை நாள் என்பதை லேபிளில் பாருங்கள். தொழில்முறை மருந்து வாங்க இத்தாலியில் பயிற்சிச் சான்று கேட்பார்கள். இல்லாவிட்டால் வீட்டுத் தோட்டத்துக்கென விற்கும் சிறு பொட்டலம்தான் வழி. நோய் வெளியே தெரியுமுன் கண்டுபிடிக்க, சில இலைகளை 5 சதவீதக் காஸ்டிக் சோடாக் கரைசலில், 50 முதல் 60 டிகிரி சூட்டில், இரண்டு மூன்று நிமிடம் முக்கிப் பாருங்கள். மறைந்திருக்கும் நோய் கரும்புள்ளியாக எழும். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம்.

புழுவுக்குக் காரணம் ஆலிவ் ஈ, நம் மாம்பழ ஈயின் பங்காளி. கொட்டை இறுகும் ஜூலையில் காயின் தோலுக்கடியில் முட்டையிடத் தொடங்கும். கடும் வெயிலில் முட்டையும் இளம்புழுவும் மடியும். குன்றின் குளிர்ந்த காற்று ஈக்குச் சாதகம். முன்பு இந்த ஈக்கு அடித்துவந்த டைமெத்தோயேட் என்ற பூச்சிமருந்துக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2019இல் அனுமதியைப் புதுப்பிக்கவில்லை. ஆகவே ஜூன் கடைசியில் மரத்துக்கொரு பொறி கட்டுங்கள்: ஒன்றரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பகுதியில் 5 மில்லிமீட்டர் துளை நான்கைந்து, உள்ளே லிட்டருக்கு 40 முதல் 50 கிராம் டிஏபி உரம் கரைத்த தண்ணீர். தண்ணீர் வற்ற வற்ற நிரப்புங்கள். ஜூலையில் 100 லிட்டருக்கு 5 கிலோ கயோலின் களிமண்ணைக் கரைத்துக் காய் வெளுக்கும்படி தெளியுங்கள், ஈ உட்காரத் தயங்கும். பெருமழை கழுவினால் மறுபடி தெளிக்க வேண்டும். 60 மரத் தோப்பில் பொறி மட்டும் வேலை செய்யாது, பக்கத்துத் தோப்பு ஈயும் வரும். வாரம் 100 காயை அறுத்துப் பாருங்கள். பத்துக்கு மேல் முட்டையோ இளம்புழுவோ தென்பட்டால் நடவடிக்கை உடனே வேண்டும். அக்டோபர் நெருங்கிவிட்டால் எளிய வழி, சீக்கிரம் பறித்துவிடுவது.

எண்ணெய் குறைவைப் பற்றிக் கவலை வேண்டாம். சீக்கிரம் பறித்த காயில் 11, 12 சதவீதம் இயல்புதான். வாடைக்குக் காரணம் சாக்கு. நசுங்கிய காய் உள்ளுக்குள் சூடேறிப் புளிக்கும், புழுத்துளை அதை விரைவுபடுத்தும். துளையுள்ள பிளாஸ்டிக் கூடையில் 20 கிலோ மட்டும் நிரப்பி நிழலில் வைத்து, 24 மணி நேரத்துக்குள் ஆட்டுங்கள். ஆலையில் முன்கூட்டியே நேரம் வாங்கிக்கொண்டுதான் பறிக்க ஆரம்பிக்க வேண்டும். உங்கள் காயை மட்டும் தனியாக ஆட்ட எவ்வளவு எடை தேவை என்று கேளுங்கள், குறைந்தால் அடுத்தவர் காயோடு கலந்துவிடுவார்கள். எண்ணெயைத் துருப்பிடிக்காத டிரம்மில் விளிம்புவரை நிரப்பி இருட்டில் வையுங்கள். சில வாரங்களில் அடியில் மண்டி தங்கும். அதை விட்டு மேலெண்ணெயை வேறு டிரம்முக்கு மாற்றாவிட்டால் மறுபடி வாடை வரும்.

ஒப்பந்தத்தையும் ஒருமுறை படியுங்கள். வீட்டு வாடகை வேறு, 1982ஆம் ஆண்டின் 203ஆம் சட்டப்படியான நிலக் குத்தகை வேறு. எப்படியானாலும் பெருங்கிளையை அறுக்குமுன் உரிமையாளரிடம் எழுத்தில் சம்மதம் வாங்குங்கள். மரத்தையே தோண்டும் எண்ணம் இருந்தால், 1945ஆம் ஆண்டு ஆணைப்படி அனுமதியில்லாமல் இரண்டு ஆண்டுக்கு ஐந்து ஆலிவ் மரத்துக்கு மேல் உரிமையாளரே எடுக்க முடியாது.