எஞ்சின் ஒரு வண்டியுடையது, கியர்பாக்ஸ் வேறு வண்டியுடையது: நடுவில் போடும் அடாப்டர் பிளேட்டைக் குறைந்த செலவில் துல்லியமாகச் செய்ய முடியுமா?

முடியும். ஆனால் பிளேட் முழுவதையும் துல்லியமாகச் செய்ய நினைத்தால் செலவு எகிறிவிடும். மைக்ரான் கணக்கு பார்க்க வேண்டியது எஞ்சின் பக்கத்து டோவல் துளை இரண்டு (டோவல் என்பது இடம் பிசகாமல் நிறுத்தும் பின்), கியர்பாக்ஸ் பக்கத்து டோவல் துளை இரண்டு, இரண்டுக்கும் பொதுவான மையம், இவ்வளவுதான். வெளி உருவம் ஒரு நூல் கூடக் குறைய இருந்தாலும் வண்டி ஓடும். போல்ட் துளைகள் கூட அரை மில்லிமீட்டர் பெரிதாக இருக்கலாம். பணத்தை அந்த ஐந்து இடத்தில் போடுங்கள், மற்றதைக் கையால் செய்துகொள்ளலாம்.

பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் சின்ன ஜீப் பட்டறை வைத்திருக்கிறேன். கடைசல், மெஷின் வேலை என்றால் வேலந்தாவளம் செக்போஸ்ட்டைத் தாண்டிக் கோயம்புத்தூருக்குப் போய்விடுவேன். நெல்லியாம்பதி எஸ்டேட் ஒன்றின் பழைய மஹிந்திரா ஜீப்பில் டெம்போ டிராக்ஸின் டீசல் எஞ்சினை ஏற்றும் வேலைதான் எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தது.

முதல் தடவை செய்த தப்பைச் சொல்கிறேன். பெல் ஹவுசிங்கை (கிளட்ச்சை மூடி எஞ்சினோடு கியர்பாக்ஸை இணைக்கும் கூடு) எம்.எஸ். என்கிற சாதா இரும்பு பிளேட் மேல் கவிழ்த்து வைத்து, துளைகளைக் குறித்து, கேஸ் கட்டிங்கில் வெட்டி, டிரில் போட்டேன். போல்ட் எல்லாம் தடையில்லாமல் போனது. போல்ட் போனால் சென்டரும் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிட்டேன். மூன்றே வாரத்தில் ரிவர்ஸ் கியர் கரகரவென்று விழ ஆரம்பித்தது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால், கிராங்க் நுனியில் இருந்து கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் மூக்கைத் தாங்கும் பைலட் புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருந்தது. கியர்பாக்ஸுக்குள் போகும் அந்த இன்புட் ஷாஃப்ட்டின் பேரிங்கிலும் சத்தம். டயல் கேஜ் (நுண்ணிய விலகலை முள்ளில் காட்டும் கருவி) போட்டுச் சுற்றியபோது முள் 0.9 மில்லி ஆடியது. அதாவது கிராங்க் மையமும் கியர்பாக்ஸ் மையமும் 0.45 மில்லி விலகி இருந்தன. போல்ட்டின் வேலை இறுக்கிப் பிடிப்பது மட்டும். இடத்தைச் சொல்வது டோவல்.

சரி, மையத்தை எப்படி எடுப்பது? சி.எம்.எம். என்கிற அளவெடுக்கும் மெஷின் உள்ள இடத்துக்குப் போனால் அளவெடுக்கவே தனிக்காசு. அதற்குப் பதில் நான் செய்வது இது. எஞ்சின் பிளாக்கை எங்கும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். அந்த எஞ்சினுடன் கம்பெனியிலிருந்து வந்த பெல் ஹவுசிங் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். உக்கடம் பழைய இரும்புக் கடைகளில் அலைந்தால், உடைந்ததாவது கிடைத்துவிடும். காது உடைந்திருந்தால் பரவாயில்லை. டோவல் துளை இரண்டும் நடு ஓட்டையும் நன்றாக இருந்தால் போதும், எஞ்சினின் முழு முகவரியும் அதில் இருக்கிறது. கியர்பாக்ஸின் முன் பேரிங் கவர் உட்காரும் அந்த நடு ஓட்டையைக் கிராங்க் மையத்துக்கு நேராகத்தான் கம்பெனியில் கடைந்திருப்பார்கள்.

அதை வி.எம்.சி. (கம்ப்யூட்டர் சொல்படி வெட்டும் மில்லிங் மெஷின்) பெட்டில் கியர்பாக்ஸ் பக்கம் கீழே இருக்கும்படி வையுங்கள். ஸ்பிண்டிலில் டயல் மாட்டி நடு ஓட்டையைச் சுற்றி, அந்த மையத்தைப் பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு டோவல் துளைக்கும் போய் எக்ஸ், ஒய் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒருமுறை கழற்றித் திரும்ப வைத்து இன்னொரு தடவை எடுங்கள். இரண்டு டோவலுக்கும் இடையிலான தூரம் 0.02 மில்லிக்குள் திரும்ப வந்தால்தான் அந்த அளவை நம்புவேன். நீங்கள் போடப்போகும் கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங்கையும் இதேபோல் அளக்க வேண்டும். நான் போன ஜாப் ஒர்க் கடையில் ஆபரேட்டர் தம்பி முதலில் தயங்கினார். "அண்ணா, இது வெட்டுற மெஷினுங்க, அளக்குற மெஷின் இல்லீங்க" என்றார். பத்து நிமிடத்தில் அவரே ஆர்வமாகிவிட்டார்.

இப்போது அளந்த இரண்டு ஹவுசிங்கையும் கம்ப்யூட்டரில் படமாக வரைந்து, இரண்டையும் ஒரே பூஜ்யத்தின் மேல் வைத்துவிட்டு, ஒன்றைச் சுழற்றிப் பாருங்கள். எஞ்சின் சாய்வு, ஸ்டார்ட்டர் இடம், போல்ட் தலைகள் ஒன்றோடொன்று மோதாமல் இருப்பது எல்லாம் இங்கேதான் முடிவாகும். முடிவானதும் 6 மில்லி எம்.டி.எஃப். பலகையில் லேசர் கட்டிங் போட்டு வண்டியில் மாட்டிப் பாருங்கள். பலகையின் விலை ஒன்றுமே இல்லை, ஆனால் ஒரு அலுமினிய பிளேட்டைக் காப்பாற்றிவிடும். எனக்கு ஸ்டார்ட்டரின் மூக்கு இடித்ததைக் காட்டிக்கொடுத்தது இந்தப் பலகைதான்.

பிளேட்டின் கனத்தை, அதாவது தடிமனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், நிறையப் பேர் சறுக்குவது இங்கேதான். எம்10 ஆலன் போல்ட்டின் தலை உயரமே 10 மில்லி. அதைப் பிளேட்டுக்குள் புதைக்க வேண்டும் என்றால் 12 மில்லி பிளேட்டில் தலைக்குக் கீழே 2 மில்லிதான் மிஞ்சும், அது போதாது. 20 மில்லி என்றால் 10 மிஞ்சும். அலுமினியத்தில் டேப் அடித்தால் மரை ஆழம் போல்ட் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்காவது வேண்டும், எம்10க்கு 15 மில்லி. அதனால் நான் 20 மில்லி 6061-டி6 அலுமினிய பிளேட் எடுக்கிறேன். 400க்கு 400 துண்டு எடை எட்டரைக் கிலோவுக்குச் சற்று மேலே வரும். நடுவில் வெட்டி எடுக்கும் வட்டத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், வேறு ஜாபுக்கு ஆகும்.

ஆனால் 20 மில்லி போட்டால் கியர்பாக்ஸ் 20 மில்லி பின்னால் போகிறது. ஷாஃப்ட் மூக்கு பைலட் புஷ்ஷை எட்டாமல் போகலாம். அப்போது படி வைத்த கன்மெட்டல் புஷ் கடைய வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் நீளத்தைவிடக் கிராங்க்குக்குள் உட்காரும் நீளம் அதிகமாக இருக்கட்டும். மூக்கு கடைசிவரை போய் முட்டவும் கூடாது, 2 மில்லியாவது இடைவெளி விடுங்கள். முட்டினால் கிராங்க்கைத் தள்ளிக்கொண்டே இருக்கும், கிராங்க் முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து எஞ்சினே போய்விடும். கிளட்ச்சை அழுத்தும் ரிலீஸ் பேரிங்கும் அதே 20 மில்லி பின்னால் போயிருக்கும், அதைத் தள்ளும் ஃபோர்க் நிற்கிற பால் அடியில் ஸ்பேசர் வைக்க மறக்காதீர்கள். கிளட்ச் பிளேட்டுக்கு எஞ்சினின் விட்டமும் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் ஸ்ப்லைனும் (பல் வரிகள்) பொருந்த வேண்டும். நடு ஹப்பை மாற்றி ரிவெட் அடித்துத் தருகிற கடைகள் இருக்கின்றன.

வெட்டும்போது வெளி உருவத்தையும் நடு வட்டத்தையும் வாட்டர்ஜெட்டில் 2 மில்லி கூடுதலாக விட்டு வெட்டிக்கொண்டு, பிறகு வி.எம்.சி.க்குப் போங்கள். அந்த மெஷினுக்கு மணிக்கணக்கில் காசு, வெளி ஓரத்தைச் சுற்ற அதைப் பயன்படுத்துவது வீண். முகங்களைச் சமப்படுத்திய பிறகு, நாலு டோவல் துளையையும் நடு ஓட்டையையும் ஒரே கிளாம்பிங்கில், கழற்றாமல் முடிக்கச் சொல்லுங்கள். நடுவில் கழற்றித் திருப்பி வைத்தால் இவ்வளவு நேரம் அளந்தது அத்தனையும் பாழ். டோவல் துளைக்கு டிரில் மட்டும் போதாது, துளையைச் சரியான அளவுக்கு நயமாக்கும் ரீமர் ஓட வேண்டும். போல்ட் துளைகளைப் புள்ளி மட்டும் போட்டு வாங்கிக்கொண்டு, பட்டறையில் நானே டிரில் போட்டு டேப் அடிப்பேன்.

மாட்டியதும் கியர்பாக்ஸை ஏற்றிவிடாதீர்கள். பிளேட், பெல் ஹவுசிங் மட்டும் இறுக்கி, பிளைவீலில் மேக்னட் ஸ்டாண்ட் வைத்து நடு ஓட்டையை டயல் கேஜால் சுற்றுங்கள். இன்ஜெக்டரைக் கழற்றிவிட்டால் கிராங்க் கையாலேயே சுற்றும். முழுச் சுற்றில் முள் 0.25 மில்லிக்குள் நிற்க வேண்டும். அதில் பாதிதான் உண்மையான விலகல். கொஞ்சம் தாண்டினால் பிளேட்டைத் தூக்கி எறிய வேண்டாம். நாலு தாடை சக்கில் கடைந்த ஆஃப்செட் டோவல் (இரு பாதியின் மையமும் சற்று விலகிய பின்) போட்டுச் சரிக்கட்டலாம்.

அப்புறம் ஒன்று, அந்த ஜீப் எஸ்டேட் வேலிக்குள் மட்டும் ஓடுவது. ரோட்டில் ஓடும் வண்டியென்றால் வண்டியில் மாற்றம் செய்வதைப் பற்றிய 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே நிற்கும். உலோகத்தைத் தொடும் முன்பே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது பிளேட்டில் முள் 0.14 காட்டியது. ஒரு காப்பிப் பருவம் முழுக்க மூட்டை சுமந்த பிறகு கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸை இறக்கினோம். கன்மெட்டல் புஷ்ஷைக் கழற்றி மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, அதையே திரும்பப் போட்டேன்.