வார இறுதிக்கு மாமியாரின் பழைய சுங்குடி

"பழைய காலத்து உடைகளை விடுமுறை நாளில் வீட்டில் உடுத்துவது நிஜமாகவே வசதியா, வெறும் ஃபேஷனா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வசதிதான். சென்னையில் வேலை, வாரம் முழுக்க சுடிதார். சனி, ஞாயிறு வீட்டில் இருந்தால் என் மாமியார் கட்டிப் பழகிய மதுரைச் சுங்குடிச் சேலை. நீங்களும் அம்மாவுடையதையோ பாட்டியுடையதையோ அலமாரியில் வைத்துக்கொண்டு, கட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

அந்தச் சேலைகள் என் கைக்கு வந்தது ஒரு போகி சமயத்தில். மதுரை வீட்டு வாசலில் பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பவர் உட்கார்ந்திருந்தார். அத்தை ஒரு மூட்டைச் சேலையை அவிழ்த்துப் போட்டு எவர்சில்வர் தூக்குவாளிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அரக்கு, கத்தரிப்பூ நிறம், மாம்பழ மஞ்சள் என்று சுங்குடியாகவே நாலைந்து அதில் கிடந்தன. "அத்தை, இதெல்லாம் எனக்கு வேணும்" என்று எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"ஏம்மா, பீரோவுல பட்டு இருக்கே, அதுல ஒண்ண எடுத்துக்கயேன். இது நஞ்சுபோனது. கிழிசலக் கட்டுனா வீட்டுல மூதேவி அடைவா."

"கிழியலை அத்தை, வெளுத்துதான் இருக்கு."

பாத்திரக்காரர் விடவில்லை. "நல்லதெல்லாம் நீங்களே எடுத்துக்கிட்டா நான் எதைக் கொண்டுபோறது?" என்றார். அவருக்கே அது நல்ல துணி என்று தெரிந்திருக்கிறது! கடைசியில் பாலியஸ்டர் சேலைகளை வாங்கிக்கொண்டு தூக்குவாளியைக் கொடுத்தார். அன்று ராத்திரி அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டே தூங்கினேன். இடுப்பில் உறுத்தவில்லை, கழுத்தில் கசகசக்கவில்லை. அத்தை காலையில் பார்த்துவிட்டு, "எங்க அம்மா வாங்கிக் குடுத்தது அது" என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு மூதேவி பேச்சே எடுக்கவில்லை.

இந்தச் சுகத்துக்குக் காரணம் துணியிலேயே இருக்கிறது. 100 கிராம் பருத்தி சாதாரணக் காற்றிலிருந்தே 8.5 கிராம் அளவுக்கு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பாலியஸ்டர் 0.4 கிராம்தான். வியர்வை உடம்பில் ஒட்டாமல் துணிக்குள் போய்விடுகிறது. பல வருஷம் துவைத்த சேலையில் கஞ்சியின் விறைப்பும் போய், நூல் தளர்ந்து மெத்தென்று ஆகிவிடும். புதுச் சேலை எவ்வளவு விலை கொடுத்தாலும் இந்தப் பதத்தில் கிடைக்காது.

"பெண் என்றால் வீட்டிலும் சேலைதான் கட்ட வேண்டும் என்கிறாயா?" என்று யாராவது கிளம்புவார்கள். அப்படிச் சொல்லவில்லை. நைட்டி போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். சமையலும் துவைப்பும் செய்யும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்பது எனக்குத் தெரியும். ஆண்களானால் அப்பாவின் பழைய கைலியைக் கட்டிப் பாருங்கள், இதே கதைதான். புதிதாக எதையும் வாங்கச் சொல்லவும் இல்லை.

வாங்கித்தான் ஆக வேண்டுமென்றால் கவனமாக இருங்கள். சுங்குடி என்பது துணியை நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்கி எடுப்பது. மதுரையில் சௌராஷ்டிரச் சமூகத்தாரின் கைவேலை. 2005-இல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. இருந்தும் அச்சடித்த புள்ளியைச் சுங்குடி என்று விற்கிறார்கள். கையால் முடிந்த புள்ளிகள் ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. அளவெடுத்தாற்போல் வரிசையாக இருந்தால் அது அச்சு. போன வருஷம் ஒரு பெரிய கடையில் "சுத்த காட்டன்" என்று எனக்குக் கொடுத்த சேலையின் ஓரத்து நூலை எரித்துப் பார்த்தேன். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனையோடு பொடிச் சாம்பலாக உதிரும். இது உருகிக் கெட்டி மணியாக உருண்டுகொண்டது. திருப்பிக் கொண்டுபோனதற்கு, "எரிச்சு யாரு மேடம் பாக்கச் சொன்னது?" என்று கேட்டார்கள். முடிச்சுப் போட்டே கண் மங்கிப்போன பெண்களின் வேலைக்குப் பக்கத்தில் இதை வைத்து விற்க எப்படி மனம் வருகிறது?

இன்னொரு ஆதங்கமும் இருக்கிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் அடுக்ககத்தில் பால்கனியில் துணி காயப்போடக் கூடாது என்று விதி. கட்டடத்தின் அழகு கெடுகிறதாம். 2023-இல் கிரேட்டர் நொய்டாவில் ஒரு குடியிருப்புச் சங்கம், லுங்கியும் நைட்டியுமாகப் பொது இடத்தில் நடமாடாதீர்கள் என்று சுற்றறிக்கையே விட்டது. உழைத்து அலுத்து வந்த மனிதர்கள் மேலுக்கு இதமாக எதைக் கட்டினால் இவர்களுக்கு என்ன? பருத்திக்கு வெயிலும் காற்றும் வேண்டும். அறைக்குள் உலர்த்தினால் மழைக்காலத்தில் புழுங்கல் நாற்றம் போவதே இல்லை. கூட்டத்தில் எழுந்து கேட்டுவிட்டேன், இனியும் கேட்பேன்.

உங்கள் சேலைக்கு வருகிறேன். ஃபால் தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள், கனம் குறையும். ஜரிகைக் கரை உள்ளதை வீட்டுக்கு எடுக்காதீர்கள், தோலில் அராவும். கஞ்சியோடு மடித்து வைத்தால் பூச்சி வரும், அலசிக் காயவைத்தே உள்ளே வையுங்கள். கொசுவத்தைக் குறைத்து, ஊக்கு குத்தாமல், கொஞ்சம் உயர்த்திக் கட்டுங்கள். ஊக்கு பட்ட இடத்தில்தான் நைந்த துணி முதலில் கிழியும்.