பழைய கிராண்ட் டூரர் வாங்க நினைக்கும் குடியாத்தம் தம்பிக்கு

குடியாத்தத்திலிருந்து இங்கிலாந்தின் கோவென்ட்ரிக்குப் போய் எட்டு மாதமான ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணா, கையில் பத்தாயிரம் பவுண்டு சேர்ந்திருக்கிறது. சின்ன வயதிலிருந்து பெரிய இரண்டு கதவு கார் மேல் ஆசை. 2006 அக்டோபரில் பதிவான பி.எம்.டபிள்யூ. 650ஐ (650i) ஒன்று 6,500 பவுண்டுக்கு வருகிறது. 82,000 மைல் ஓடியிருக்கிறது. ஊரில் ஒரு புது ஸ்விஃப்ட் வாங்கும் காசுதான். அடுத்த மாதம் மனைவியும் மூன்று வயது மகளும் வருகிறார்கள். வாங்கட்டுமா?"

தம்பி, நான் அங்கிருந்து விடுமுறைக்கு வந்து வேலூர் சத்துவாச்சாரியில் அம்மா வீட்டில் இருக்கிறேன். பகலில் வெளியே தலைகாட்ட முடியாத வெயில். அதனால் நிதானமாக உட்கார்ந்து எழுத நேரம் கிடைத்தது. முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். அந்த 650ஐ வேண்டாம். அதற்காக ஆசையையே விட்டுவிடச் சொல்லவில்லை. கிராண்ட் டூரர் என்னும் இந்த வகைக் காரை நான் உண்மையாகவே நேசிக்கிறேன். பந்தயக் கார் போல இது உங்களை விரட்டாது. இரண்டு பேரும் அவர்கள் பெட்டி படுக்கையும் ஒரே நாளில் ஐந்நூறு மைல் போய், இறங்கும்போது இடுப்பு வலிக்காமல் இருக்க வேண்டும் என்று யோசித்துச் செய்த வண்டி. லண்டனிலிருந்து எடின்பரோ ஏறக்குறைய 400 மைல். வேலூரிலிருந்து பெங்களூருக்குப் போய், திரும்பி வந்து, மறுபடியும் பெங்களூர் போனால் எவ்வளவோ அவ்வளவு. அதை ஒரே மூச்சில் போய்விட்டு அன்று மாலை ஊர் சுற்றக் கிளம்ப முடிகிறது என்றால் அது இந்த வண்டியால்தான்.

காருக்கு முன்னால் லைசென்ஸ். இந்திய லைசென்ஸை வைத்து அங்கே குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் ஓட்டலாம். அதை அந்த நாட்டு லைசென்ஸாக மாற்றித் தரமாட்டார்கள். புரொவிஷனல் (நம் எல்.எல்.ஆர். போல) வாங்கி, தியரி எழுதி, ஓட்டிக் காட்டித் தேற வேண்டும். உங்களுக்கு இன்னும் நாலு மாதம் இருக்கிறது. டெஸ்ட் தேதி கிடைப்பதே பெரும்பாடு, இன்றைக்கே தொடங்குங்கள். இல்லாவிட்டால் ஆசையாக வாங்கிய காரை வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இன்சூரன்ஸும் அப்படியே. அங்கே கார்களை 1 முதல் 50 வரை குழுவாகப் பிரித்திருக்கிறார்கள், பெரிய எஞ்சின் கூப்பேக்கள் (இரண்டு கதவுக் கார்கள்) எல்லாம் மேல் கோடியில் இருக்கும். ஊரில் பத்து வருடம் இடிக்காமல் ஓட்டியதைப் பெரும்பாலான கம்பெனிகள் கணக்கில் எடுப்பதில்லை. வண்டியைப் பார்க்கப் போகும் முன்பே அதன் எண்ணைப் போட்டு நாலு இடத்தில் பிரீமியம் கேளுங்கள். அந்தத் தொகையைப் பார்த்தபின் பாதிப் பேர் வேறு கார் தேடுவார்கள்.

இப்போது என் கதை. பதினான்கு வருடம் முன்பு நானும் உங்களைப் போலத்தான், புதிதாக வாங்கும்போது ஒரு வீட்டு விலை சொன்ன கார் இப்போது என் கைக்கு எட்டுகிறதே என்று மயங்கினேன். எட்டு சிலிண்டர், காற்றுப் பைகள் வண்டியைத் தாங்கும் ஏர் சஸ்பென்ஷன். எந்தக் கம்பெனி என்பது வேண்டாம். வாங்கி ஆறாவது வாரம் காலையில் வேலைக்குக் கிளம்பினால் வண்டி ஒரு பக்கமாகச் சரிந்து, மாடு படுத்திருப்பது போலப் படுத்திருக்கிறது. ஒரு ஏர் பை போயிருந்தது, அதை நிரப்பி நிரப்பி கம்ப்ரசரும் போயிருந்தது. கார் பழசாகி விலை ஐந்தில் ஒரு பங்காக இறங்கியிருக்கிறது, ஆனால் அதன் பாகங்களின் விலை மட்டும் அந்தப் பணக்காரக் காரின் விலையிலேயே நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஊருக்கு அனுப்ப வைத்திருந்த பணத்தில் கை வைத்தேன். அம்மாவிடம் காரணம் சொல்லவில்லை. அது இன்றைக்கும் மனதில் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், பத்தாயிரத்தில் மூவாயிரத்தைத் தொடாமல் தனியாக வையுங்கள். அது முதல் வருடத்து ரிப்பேருக்கு.

உங்கள் 650ஐக்கு வருகிறேன். அது 4.8 லிட்டர் எட்டு சிலிண்டர். அந்த எஞ்சின் ஓடும் சுகத்தைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் வயதாக ஆக இரண்டு நோய் அதற்குப் பிரசித்தம். வால்வ் சீல் இறுகிப்போய் ஆயில் சிலிண்டருக்குள் இறங்கும். கொஞ்ச நேரம் ஐடிலில் விட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் பின்னால் நீலப் புகை வரும். இன்னொன்று, எஞ்சினுக்கு நடுவே போகும் கூலன்ட் குழாயின் சீல் கசிவது. குழாய் மலிவு, அதை எட்டும் கூலிதான் பயங்கரம். அப்புறம் வரி. 2006 மார்ச் 23 அல்லது அதற்குப் பின் பதிவான, 2017 மார்ச் வரைக்குமான கார்களில், கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கார்பன் டை ஆக்சைடு விடுபவை மேல் வரிப் பிரிவுக்குப் போய்விடும். இது வருடத்துக்கு 700 பவுண்டுக்கு மேல் போகும். அதே வண்டி அந்தத் தேதிக்கு முன் பதிவாகியிருந்தால் கணிசமாகக் குறைவு. உங்கள் வண்டி ஏழு மாதம் பிந்திப் பதிவாகியிருக்கிறது. விற்பவர் இதைச் சொல்ல மாட்டார்.

பெட்ரோல் செலவுக்குப் பயந்து டீசல் 635டி பக்கம் போகலாமா என்று அடுத்துத் தோன்றும். அருமையான நெடுஞ்சாலை வண்டிதான். ஆனால் கோவென்ட்ரியில் இருந்துகொண்டு பர்மிங்காம் போகாமல் இருக்க முடியாது, நம் ஊர் மளிகைக்கும் கோயிலுக்கும் எல்லாரும் போகிறோம். 2021 ஜூன் முதல் அந்த நகர மையத்துக்குள் யூரோ 6 என்னும் புகைத்தரத்துக்குக் கீழான டீசல் கார் நுழைந்தால் நாளுக்கு 8 பவுண்டு. லண்டனில் 12.50, அதுவும் 2023 ஆகஸ்ட் முதல் லண்டனின் எல்லாப் பகுதிக்கும். பெட்ரோல் யூரோ 4 இருந்தால் போதும், 2006க்குப் பின் வந்தவற்றில் பயமில்லை. அந்த வயதுக் கார்களில் பெட்ரோல்தான் உங்களுக்கு.

எப்படிப் பார்த்து வாங்குவது என்பதை எனக்கு அப்பாதான் சொல்லிக் கொடுத்தார். அவர் கார் ஓட்டியதே இல்லை. ராணிப்பேட்டையில் டேனரியில் முப்பது வருடம் தோல் தரம் பிரித்தவர். பச்சைத் தோல் வந்தால் மேல்பக்கத்தைத் தடவிப் பார்த்து மயங்காதே, புரட்டிப் போட்டுச் சதைப்பக்கத்தைப் பார் என்பார். உரித்தபோது கத்தி எங்கெங்கே பட்டிருக்கிறது என்று அங்கேதான் தெரியும். காருக்கும் இதைத்தான் செய்கிறேன். வேலூரில் வெயில் மேலிருந்து பெயின்டை உரிக்கும், டாஷ்போர்டை வெடிக்க வைக்கும், அடிப்பக்கம் அப்படியே இருக்கும். அங்கே தலைகீழ். பனிக்காலத்தில் ரோட்டில் உப்பு கொட்டுவார்கள். மேலே கண்ணாடி போல மின்னும் கார் அடியில் துருப்பிடித்துப் போயிருக்கும். டார்ச்சோடு போங்கள். பிரேக் பைப், சப்ஃபிரேம் (சக்கரப் பகுதியைத் தாங்கும் அடிச்சட்டம்), பின்சக்கர வளைவின் உள்பக்கம் பாருங்கள். கறுப்பாகப் புதிதாகப் பூசியிருந்தால் எதை மூடப் பூசினார் என்று கேளுங்கள்.

இன்னொரு புரட்டிப் பார்த்தல், எம்.ஓ.டி. ஊரில் டாக்சிக்கும் லாரிக்கும் எஃப்.சி. எடுப்பதுபோல, அங்கே மூன்று வயது தாண்டிய எல்லாக் காருக்கும் வருடா வருடம் சோதனை உண்டு. அதன் பழைய சரித்திரம் முழுவதையும் வண்டி எண்ணைப் போட்டு அரசுத் தளத்தில் காசில்லாமல் பார்க்கலாம். ஒவ்வொரு வருடமும் எத்தனை மைல் ஓடியது என்று அதில் இருக்கும். மீட்டரைத் திருப்பியிருந்தால் காட்டிக்கொடுத்துவிடும். (மைலேஜ் என்று அங்கே சொன்னால் ஓடிய மொத்த தூரம். லிட்டருக்கு எவ்வளவு என்று நாம் கேட்பதை அவர்கள் கேலனுக்கு எத்தனை மைல் என்பார்கள். 30 என்றால் நம் கணக்கில் லிட்டருக்குப் பத்தரை கிலோமீட்டர்.) தேறியதா இல்லையா என்பதோடு நிறுத்தாமல், அடியில் எழுதியிருக்கும் எச்சரிக்கைகளைப் படியுங்கள். ஒரு வருடம் "பின் சஸ்பென்ஷன் ரப்பர் புஷ் தேய்ந்திருக்கிறது" என்று எழுதி, அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் அதே வரி இருந்தால், அந்த ஆளுக்கு வண்டியைப் பராமரிக்க மனமோ பணமோ இல்லை.

சீட்டுக்கு வாருங்கள், இதில் எனக்குக் கொஞ்சம் நம்பிக்கை அதிகம். டிரைவர் சீட்டில் கதவுப்பக்கத்து விளிம்பைப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் உடம்பு உரசும் இடம் அது. 50,000 மைல் என்று சொல்லி அந்த விளிம்பு வெடித்திருந்தால் நம்பாதீர்கள். புதுசு போல இருந்தாலும் தையலைப் பாருங்கள். சாயம் பூசிப் புதுப்பித்திருந்தால் நூலிலும் சாயம் ஏறியிருக்கும். அப்பா ஒரு முறை அங்கே வந்திருந்தபோது ஒரு விற்பனைக் கூடத்தில் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, "இது மேலே பெயின்ட், கீழே காய்ந்துபோன தோல்" என்றார். அந்த வண்டியை அப்படியே விட்டு வந்தோம்.

டயரும் பேசும். நாலும் ஒரே நல்ல கம்பெனி என்றால் செலவுக்கு அஞ்சாத ஆள் வைத்திருந்த வண்டி. நாலும் நாலு பெயர் என்றால் கடைசியில் காசில்லாமல் ஓட்டியிருக்கிறார். வண்டி பார்க்கப் போனதும் பானெட்டில் கை வையுங்கள். சூடாக இருந்தால் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து வைத்திருக்கிறார்கள், வேறொரு நாள் வருகிறேன் என்று சொல்லுங்கள். ஆறிய எஞ்சின்தான் உண்மை பேசும். கியர்பாக்ஸுக்கு ஆயுள் முழுவதும் ஆயில் மாற்றத் தேவையில்லை என்று சொல்வார்கள். இந்தக் கார்கள் பலவற்றுக்கும் ஆறு ஸ்பீடு பெட்டி செய்து கொடுத்த இசட்.எஃப். கம்பெனியே 80,000 முதல் 1,20,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்கிறது. 82,000 மைல் என்பது 1,32,000 கிலோமீட்டர். மாற்றிய பில் இருக்கிறதா என்று கேளுங்கள். இந்த ஒரு பில் இருக்கும் வண்டிக்கு ஐந்நூறு பவுண்டு கூடக் கொடுக்கலாம்.

சரி, எது வாங்குவது? மகள் வருகிறாள் அல்லவா, அதை வைத்துச் சொல்கிறேன். அங்கே 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், எது முந்துகிறதோ அதுவரை குழந்தைக்குத் தனி சீட் கட்டாயம். பின்சீட் பெயருக்கு இருந்தால் போதாது. 2009க்குப் பிறகு வந்த மெர்சிடிஸ் ஈ கிளாஸ் கூப்பே உங்களுக்குப் பொருந்தும். பின்னால் இரண்டு நிஜமான இருக்கை, பெரிய டிக்கி. அடியில் பெரும்பகுதி சி கிளாஸின் பாகங்கள் என்பதால் உதிரிபாகம் எட்டும் விலையில் கிடைக்கும். நாலு சிலிண்டர் பெட்ரோலில் டைமிங் செயின் நீள்வது உண்டு, ஆறிய எஞ்சினை ஸ்டார்ட் செய்ததும் சில நொடி கடகடவென்று சத்தம் வந்தால் விலகுங்கள். பி.எம்.டபிள்யூ.தான் வேண்டும் என்றால் அதே உடம்பில் ஆறு சிலிண்டர் 630ஐ. முன்பக்கம் பாரம் குறைவு, எஞ்சின் நிதானமானது. எலக்ட்ரிக் வாட்டர் பம்ப் முன்னறிவிப்பில்லாமல் நின்றுபோகும், மாற்றிய பில் இல்லையென்றால் வாங்கியதும் மாற்றிவிடுங்கள்.

நான் இப்போது வைத்திருப்பது ஜாகுவார் எக்ஸ்.கே., 2007, 4.2 லிட்டர். உங்களுக்கு இன்னும் பத்து வருடம் கழித்துச் சொல்வேன், ஏனென்றால் அதன் பின்சீட்டில் கைப்பைதான் உட்காரும், வரியும் மேல் பிரிவுதான். அலுமினிய உடம்பு என்பதால் துரு வராது என்று நினைக்க வேண்டாம், கதவு ஓரத்திலும் சக்கர வளைவிலும் பெயின்ட் கொப்பளிக்கும். இருந்தாலும் எனக்கு அது சொந்தம் போல. பர்மிங்காமின் காசில் பிராம்விச்சில் செய்த வண்டி. 2008ல் ஜாகுவாரை டாடா வாங்கியது. பிறகு டாடாவும் ஜாகுவார் லேண்ட் ரோவரும் சேர்ந்து நம் ராணிப்பேட்டை மாவட்டத்துப் பனப்பாக்கத்தில் 9,000 கோடி ரூபாயில் ஆலை கட்ட 2024 செப்டம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். போன வாரம் அந்தப் பக்கம் போனபோது வண்டியை ஓரம் கட்டி ஐந்து நிமிடம் நின்று பார்த்துவிட்டு வந்தேன். அப்பா இருந்திருந்தால் அழைத்துப் போயிருப்பேன்.

வாங்கும் இடம் பற்றி ஒரு வார்த்தை. தனியாரிடம் வாங்கினால் பெரும்பாலும் பார்த்தபடி எடுத்துக்கொள்வதுதான். டீலரிடம் வாங்கினால் 2015ஆம் ஆண்டின் நுகர்வோர் சட்டப்படி, வண்டியில் குறை இருந்தால் 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்துப் பணத்தை வாங்கலாம். ஒரு பகுதியையாவது கிரெடிட் கார்டில் கட்டுங்கள், விற்றவர் கைவிட்டால் வங்கியிடமே கேட்கும் உரிமை வரும். அங்கே வி5சி என்னும் புத்தகம் நம் ஆர்.சி. போலத் தெரியும், ஆனால் அது உரிமையாளர் யார் என்பதற்கு ஆதாரம் ஆகாது. கடனில் வாங்கிய வண்டி என்றாலும் அதில் ஹெச்.பி. என்று போட்டிருக்காது. வண்டி மேல் கடன் பாக்கி இருக்கிறதா, விபத்தில் கழித்த வண்டியா என்று தனியாகக் காசு கட்டித்தான் பார்க்க வேண்டும். எஸ் (S) அல்லது என் (N) என்று குறி விழுந்திருந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி ஒரு முறை கழித்த வண்டி.

இருபதாம் தேதி நான் திரும்புகிறேன். கோவென்ட்ரி எனக்கு ஒரு மணி நேர ஓட்டம்தான். 630ஐயோ ஈ கிளாஸோ இரண்டு மூன்று வண்டிகளின் எண்ணை எடுத்து வையுங்கள், எம்.ஓ.டி. சரித்திரத்தை நான் இங்கிருந்தே பார்த்துச் சொல்கிறேன். சனிக்கிழமை டார்ச்சோடு சேர்ந்தே போகலாம். அதுவரை யாருக்கும் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். உங்கள் வீட்டிலிருந்து ஏதாவது கொண்டுவர வேண்டியிருந்தால் சொல்லுங்கள், பெட்டியில் இன்னும் இடமிருக்கிறது.